மழை வருமோ, என்னமோ?

ஆகஸ்ட் மாதக் கடைசி. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற மரக்காணத்தில் நானும் என் அண்ணன் மகளும் பேருந்தை விட்டு இறங்கினோம். அவள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சாலையோரத்திலேயே உப்பளம் தொடங்கிவிடுகிறது. சதுரம் சதுரமாகப் பாத்திகள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் இளஞ்சிவப்பாகக் கலங்கிய தண்ணீர், ஒன்றில் பளீரென்று வெள்ளை. வரப்பின்மேல் கூம்பு கூம்பாக உப்புக் குவியல்கள். வெயில் தரையிலிருந்தும் அடித்தது.

நீளமான கைப்பிடி போட்ட மரப்பலகையால் நாலு பெண்களும் ஓர் ஆயாவும் உப்பை வாரி ஓரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே, திண்டிவனம் பக்கம், மேகம் கருத்திருந்தது. எங்கள் பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டாள்.

“ஆயா, மழை வருமா?”

ஒரே கேள்விக்கு நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள்.

மேகத்தை அண்ணாந்து பார்த்த முதல் அம்மா, “வராப்புல இருக்குது” என்றார்.

மேலே பார்க்காமலே பலகையை இழுத்த இரண்டாமவர், “வந்தாலும் வரும்” என்றார்.

மூன்றாமவர் மூக்கை உறிஞ்சினார். காற்றில் திடீரென்று ஒரு குளிர்ச்சி. “அந்தாண்ட எங்கியோ பெஞ்சிருக்கும்” என்றார்.

கைப்பேசியைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த நாலாமவர், “திண்டிவனத்துல பெய்யுதாம். தம்பி போன் பண்ணான்” என்றார்.

ஆயா மட்டும் எதையும் சொல்லவில்லை. பலகையை நட்டு வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, “வருமோ, என்னமோ” என்று மட்டும் முனகினார்.

என் அண்ணன் மகள் என் பக்கம் திரும்பி, “யாருக்குமே தெரியல, அத்தை” என்றாள்.

அங்கேதான் அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள். எல்லாருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. எவ்வளவு தெரியும், எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். அவள் அதைக் கேட்கத் தவறிவிட்டாள், அவ்வளவுதான்.

‘வராப்புல இருக்குது’ என்றால், கண்ணால் ஒரு அடையாளம் பார்த்துச் சொல்கிறேன் என்று பொருள். ‘பெஞ்சிருக்கும்’ என்றால், நான் பார்க்கவில்லை, ஆனால் இந்தக் குளிர்காற்றுக்கு வேறு காரணம் தோன்றவில்லை என்று பொருள். ‘பெய்யுதாம்’ என்றால், இன்னொருவர் சொல்லக் கேட்டேன், அதற்கு நான் பொறுப்பில்லை என்று பொருள். ஒரே ஓர் ‘ஆம்’ அந்தப் பொறுப்பு முழுவதையும் தம்பியின் தலையில் இறக்கி வைத்துவிடுகிறது. ‘வந்தாலும் வரும்’ என்றால், வராது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காதே என்று பொருள். ‘வருமோ, என்னமோ’ என்றால், ஆயா தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறார், உன்னிடமிருந்து பதில் எதிர்பார்க்கவில்லை.

ஒரு செய்தி நமக்கு எந்த வழியாக வந்தது, கண்ணாலா, காதாலா, ஊகத்தாலா என்று சொல்லின் வாலிலேயே ஒட்டிக் காட்டும் மொழிகள் உலகில் பல உண்டு. துருக்கி மொழியில் அப்படி ஒரு விகுதி இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் பேசப்படும் கெச்சுவா மொழியிலும் இருக்கிறது. நம் ‘ஆம்’ அந்தக் குடும்பத்து ஆள். ஆங்கிலத்தில் இதற்குத் தனி விகுதி கிடையாது. வெவ்வேறு சொற்களைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘வராப்புல இருக்கு’ என்பதற்கு ‘லுக்ஸ் லைக்’. ‘வந்தாலும் வரும்’ என்பதற்கு ‘மே’ அல்லது ‘மைட்’. ‘பெஞ்சிருக்கும்’ என்பதற்கு ‘மஸ்ட் ஹாவ்’. ‘வருமோ’ என்பதற்கு ‘ஐ வொண்டர்’.

இந்த ‘வொண்டர்’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல். வியப்பதற்கும் அதே சொல், யோசித்துக் கேள்வி கேட்பதற்கும் அதே சொல். ஆச்சரியப்பட்டவர்தான் அடுத்த நிமிடம் கேட்பார் என்பது அந்த மொழிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

‘பெய்யுதாம்’ என்பதற்கு நம் ஊரில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? ‘இட் சீம்ஸ்’. ‘அவர் வர்றாராம்’ என்பதை ‘இட் சீம்ஸ் ஹி இஸ் கமிங்’ என்கிறோம். இங்கிலாந்துக்காரர் அதைக் கேட்டால், இவரே எதையோ பார்த்து ஊகிக்கிறார் என்று எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்ததோ, யாரோ சொல்லக் கேட்டேன் என்பது. தமிழின் ‘ஆம்’ ஆங்கிலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உலா வருகிறது.

இன்னொரு சொல்லும் அப்படித்தான். வகுப்பில் கையைத் தூக்கி, ‘மிஸ், ஐ ஹாவ் எ டவுட்’ என்கிறோமே, அந்த டவுட். நமக்கு அது ‘சந்தேகம்’. பாடத்தில் ஒன்று புரியவில்லை, விளக்குங்கள் என்று பணிவாகக் கேட்கிறோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அதையே ஆசிரியரிடம் சொன்னால், ‘நீங்கள் சொல்வது சரியாக இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை’ என்பது போல அவர் காதில் விழும். வெளிநாடு போய்ப் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் முதல் வாரத்திலேயே இதில் சிக்கிக்கொள்கிறார்கள். அங்கே ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. அதற்காக நம் ‘டவுட்’டைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கோடிக்கணக்கான பேர் ஒரு பொருளில் புழங்குகிற சொல் அந்த ஊரில் சரியான சொல்தான். எந்த ஊரில் பேசுகிறோம் என்று தெரிந்தால் போதும்.

அந்த டவுட்டுக்குள் ஓர் ஊமை எழுத்து இருக்கிறது. எழுதும்போது ‘பி’ வரும், படிக்கும்போது வராது. பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் ‘பி’ கிடையாது. பிற்பாடு படித்தவர்கள், இது லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்று காட்டுவதற்காக லத்தீனில் இருந்த ‘பி’யைக் கொண்டுவந்து செருகினார்கள். பேசுகிறவர்கள் வாயைத் திறந்து ஏற்றுக்கொள்ளவே இல்லை. அந்த லத்தீன் வேரோ ‘இரண்டு’ என்ற எண்ணோடு உறவுடையது. இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்பதுதான் ஐயம். உப்பை இன்றைக்கே வாரிவிடுவதா, இன்னும் இரண்டு நாள் விளையட்டும் என்று விடுவதா என்று பலகையை ஊன்றிக்கொண்டு ஆயா நின்றாரே, அந்த நிற்றல்.

அந்த நிற்றலுக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது தெரியுமா? ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 350 கிராம் உப்பைக் கரைத்துவிடும். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுக்க உப்பைக் கரைத்தால் சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ போய்விடும். வெயிலில் நாள்கணக்காகக் காத்து நின்றது அரைமணி நேரத்தில் மறுபடி தண்ணீர். மழை வராமல், பயந்துகொண்டு முன்கூட்டியே வாரிவிட்டாலும் நட்டம்தான், உப்பு நன்றாகப் பருத்திருக்காது. எனவே ‘வரும்’, ‘வரலாம்’, ‘வந்தாலும் வரும்’ என்ற மூன்றுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அவர்களுக்கு அன்றைய கூலியைத் தொடுகிற விஷயம்.

அதனால் வானொலியில் வானிலை அறிக்கை வரும்போது உப்பளத்தில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்.’ இந்தச் சின்ன வாக்கியத்தில் அளவுகள் ஒளிந்திருக்கின்றன. ‘ஓரிரு இடங்கள்’ என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொன்னால், அந்த வட்டாரத்தில் மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ‘பெய்யக்கூடும்’ என்பதற்கும் எண் உண்டு. அந்தத் துறையின் ஆங்கில அறிக்கையில் ‘லைக்லி’ என்று போட்டால் நூற்றுக்கு 25 முதல் 50 வாய்ப்பு. ‘வெரி லைக்லி’ என்றால் 50 முதல் 75. ‘மோஸ்ட் லைக்லி’ என்றால் 75க்கும் மேலே.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். உலகம் சூடாவதைப் பற்றி ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு அறிக்கை எழுதும் ஐபிசிசி என்ற அறிவியலாளர் குழு இருக்கிறது. அவர்களும் ‘லைக்லி’ என்ற அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். அவர்கள் அகராதியில் அது நூற்றுக்கு 66க்குக் குறையாத வாய்ப்பு. ‘வெரி லைக்லி’ என்றால் 90க்குக் குறையாதது. ‘வெர்ச்சுவலி செர்ட்டன்’ என்றால் 99க்குக் குறையாதது. ஒரே சொல், இரண்டு அலுவலகம், இரண்டு எண். சொல்லை மட்டும் கேட்டுவிட்டு ஓடிவரக்கூடாது. சொன்னது யார், அவர்கள் அளவுகோல் என்ன என்றும் பார்க்க வேண்டும்.

எண்ணே இல்லாமல் சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று ஒருவர் சோதித்திருக்கிறார். ஷெர்மன் கென்ட் என்று அமெரிக்காவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர். அரசாங்கத்துக்குத் தகவல் ஆராய்ந்து தருகிற அலுவலகத்தில் பிறகு வேலை பார்த்தார். 1951ஆம் ஆண்டு யுகோஸ்லாவியா நாட்டின்மேல் படையெடுப்பு நடக்க ‘கவலைப்படத்தக்க வாய்ப்பு’ இருக்கிறது என்ற பொருளில் அவர் குழு ஓர் அறிக்கை எழுதியது. அறிக்கையைப் படித்த அதிகாரி ஒருவர், அப்படியென்றால் எவ்வளவு என்று கேட்டார். நூற்றுக்கு 65 என்று கென்ட் சொன்னதும் அவர் திகைத்துப்போனார், அவர் அதைவிட ரொம்பக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட்டுக்கு உறுத்தியது. அறிக்கையைத் தன்னோடு சேர்ந்து எழுதியவர்களையே கூப்பிட்டு, நீங்கள் எவ்வளவு என்று நினைத்து ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லாரும் ஒரே சொல்லுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்!

இதை நீங்களும் வகுப்பில் செய்து பாருங்கள். ‘வரலாம்’, ‘வந்தாலும் வரும்’, ‘அநேகமா வரும்’, ‘வராப்புல இருக்கு’, ‘கண்டிப்பா வரும்’ என்ற ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு சீட்டில் ரகசியமாக எழுதச் சொல்லுங்கள். பிறகு சீட்டுகளைப் பிரியுங்கள். ‘கண்டிப்பா’ என்பதற்கே எல்லாரும் நூறு போட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். என்னுடைய இந்த ஊகத்துக்கு நான் 80 கொடுப்பேன்.

உப்பளத்துக்குத் திரும்புவோம். கடல்நீரையோ மண்ணுக்கு அடியில் ஊறிய உவர்நீரையோ முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலில் நீர் வற்ற வற்ற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள். எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் மிதவை இருக்கிறது. அது எவ்வளவு மூழ்குகிறதோ அதை வைத்து ‘இத்தனை டிகிரி’ என்று படிக்கிறார்கள். இந்த டிகிரி சூட்டைச் சொல்லும் டிகிரி இல்லை. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768இல் அமைத்த அளவு. அந்த அளவையே அவர் உப்பை வைத்துத்தான் குறித்தார். நல்ல தண்ணீரில் மிதவை நிற்கும் இடம் சுழி. நூறு கிராம் உப்புக்கரைசலில் 15 கிராம் உப்பு இருந்தால் அது 15. நடுவே சமமாகக் கோடு போட்டுக்கொண்டார். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. நாம் சாப்பிடும் உப்பு படியத் தொடங்குவது 25 டிகிரி வாக்கில்.

3க்கும் 25க்கும் நடுவே இருந்த ஒரு பாத்தியில்தான் எங்கள் பிள்ளை மாட்டிக்கொண்டாள். வரப்போரம் குனிந்தவள், “அத்தை, இங்கயே உப்பு வந்துடுச்சு!” என்று கத்தினாள். அடித்தரையில் வெளுப்பாக ஒரு ஏடு. விரலால் பெயர்த்து நாக்கில் வைத்தாள். தெரியாத பொருளை நாக்கில் வைக்கக்கூடாது என்று நான் அதட்டுவதற்குள், “உப்புதான், உப்புக் கரிக்குது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு கேள்வி வேண்டாமா? எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. அந்த இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார். பதில் தெரிந்துகொண்டே ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாமல் மாணவர் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐய வினா. கடைக்காரரிடம் உப்பு இருக்கிறதா என்று வாங்குவதற்காகக் கேட்பது கொளல் வினா. கொடுப்பதற்காக, சட்டை இல்லையா உனக்கு என்று கேட்பது கொடை வினா. வேலை ஏவுவதற்காக, வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்பது ஏவல் வினா. நம் பள்ளி இலக்கணத்திலும் இவை வருகின்றன. தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அறிவியலின் வேலை பெரும்பாலும் மூன்றாவதில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். ‘தெரியவில்லை’ என்று சும்மா சொல்வதை விட ‘இதுவா, அதுவா’ என்று கேட்பது ஒருபடி மேலே. இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே நிறுத்திவிட்டால், எதைச் செய்து பார்த்தால் பிரியும் என்பது தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

“உப்பா, வேற எதாவதா?” என்று கேட்டேன்.

“கரிச்சுதே!”

“கரிச்சது அந்த ஏடா, அது மேல ஒட்டியிருந்த தண்ணியா?”

நின்றாள். லத்தீன்காரர் சொன்ன இரண்டு வழிக்கு நடுவே அப்படியே நின்றாள். பிறகு என் பையிலிருந்து குடிதண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஏட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை அலசினாள். துண்டு கரையவே இல்லை. பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து அதே மாதிரி அலசினாள். மூலைகள் உருண்டு, சுருங்கி, கையில் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஏட்டுத் துண்டு மட்டும் உள்ளங்கையில் நறநறவென்று கிடந்தது.

அது ஜிப்சம். சிமெண்டில் சேர்க்கிறார்களே, கை முறிந்தால் போடும் மாவுக்கட்டு எதிலிருந்து வருகிறதோ, அதே ஜிப்சம். கடல்நீரில் அதுவும் இருக்கிறது. 13 டிகிரி வாக்கிலேயே அடியில் படிந்துவிடும். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு 36 கிராம் கரையும், ஜிப்சம் கால் கிராம்தான் கரையும். அதனால்தான் தண்ணீரை இத்தனை பாத்தி மாற்றுகிறார்கள். ஜிப்சத்தை அங்கேயே விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் உப்புப் பாத்திக்கு ஓட்டிவிடுகிறார்கள். கடைசியில் 30 டிகிரியை நெருங்கினால் மெக்னீசிய உப்புகளின் கசப்பு சேரத் தொடங்கும், அதற்கு முன்னாலேயே அந்த நீரை வெளியே விட்டுவிடுகிறார்கள். ‘உப்பா, ஜிப்சமா, கசப்பா’ என்ற ஐய வினா ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொரு நாளும் கேட்கப்படுகிறது.

தமிழில் கேள்வி கேட்பதில் இன்னொரு வசதி இருக்கிறது. இதை நாம் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம், பெருமையாக நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த ஒற்றை ‘ஆ’வைத்தான் சொல்கிறேன். ‘வெயில் உப்பை விளைவிக்கிறது’ என்று ஒரு வாக்கியம். அந்த ‘ஆ’வை இடம் மாற்றி ஒட்டுங்கள்.

‘வெயிலா உப்பை விளைவிக்கிறது?’ இப்போது சந்தேகம் வெயிலின்மேல். காற்றுக்குப் பங்கில்லையா? இதற்கு ஒரே அளவு உப்புத்தண்ணீரை இரண்டு தட்டுகளில் ஊற்றி, ஒன்றைக் காற்று இல்லாத வெயிலிலும் மற்றதை நிழலில் மின்விசிறிக்குக் கீழேயும் வைத்துப் பார்க்க வேண்டும். செய்து பாருங்கள், விசிறித் தட்டு உங்களை ஆச்சரியப்படுத்தினாலும் படுத்தும்.

‘வெயில் உப்பையா விளைவிக்கிறது?’ இப்போது சந்தேகம் உப்பின்மேல். இதற்குத்தான் பாட்டில் தண்ணீரால் அலசினாள்.

‘வெயில் உப்பை விளைவிக்கிறதா?’ இப்போது சந்தேகம் ‘விளைவிக்கிறது’ என்ற வினைமேலேயே. வெயில் உப்பைப் புதிதாக உண்டாக்குகிறதா, ஏற்கெனவே இருப்பதை வெளியே கொண்டுவருகிறதா? ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, நீர் முழுக்க வற்றவிட்டு, மிஞ்சியதை மறுபடி எடை போட்டால் விடை தராசிலேயே இருக்கும்.

ஒரு வாக்கியம், ஒரே எழுத்து, மூன்று சோதனை. எதைச் சந்தேகப்படுகிறோமோ அதன் வாலில் ‘ஆ’ போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இதைச் செய்யக் குரலை ஏற்றி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியத்தையே திருப்பிக் கட்ட வேண்டும்.

சரியான இடத்தில் சந்தேகத்தை ஒட்டிய தமிழர் ஒருவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1888இல் திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். 1921இல் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடல் அப்படி ஒரு நீலமாக இருந்தது. கடலின் நீலம் வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிவதுதான் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தவர் ராலே பிரபு, உலகமே மதித்த இயற்பியலாளர், நோபல் பரிசு பெற்றவர். ராமன் கேட்டது, ‘வானத்தின் நீலமா அது?’ என்று. ‘கடல் நீலமா’ என்று அவர் கேட்கவில்லை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ‘வானத்தின் நீலம்’ என்ற இடத்தில் போய் ஒட்டினார்.

அவர் பையில் நிக்கோல் பட்டகம் என்ற சின்னப் படிகக் கருவி இருந்தது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் பார்த்தால் அந்தப் பட்டகத்தால் மறைத்துவிட முடியும். வானத்தின் பிம்பம்தான் நீலம் என்றால், மறைத்தவுடன் கடலின் நீலம் போய்விட வேண்டும். கப்பல் தளத்தில் நின்று மறைத்துப் பார்த்தார். நீலம் இன்னும் அழகாகத் துலங்கியது! கப்பல் பம்பாய் வந்து சேர்வதற்குள் லண்டனின் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் தயார். நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம் என்று அவர் விளக்கினார். சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடுவதற்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். ராமனின் பதிலின் வாலிலும் பின்னால் வந்தவர்கள் ஒரு ‘ஆ’வை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர் அந்தச் சிதறலை விடாமல் துரத்திக்கொண்டு போய், 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு. பிப்ரவரி 28ஐ நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான்.

நாங்கள் கிளம்பும்போது மணி நாலரை. மேகம் நெருங்கியிருந்தது. அந்த நாலு பேரும் வாரிய குவியல்களின்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு ஓரத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ‘வந்தாலும் வரும்’ என்றவர்தான் முதலில் தார்ப்பாயை விரித்தார், கவனித்தேன். வார வேண்டிய பாத்தி இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. ஆயா அதைத் தொடவில்லை. “ஒரு நாள் பாப்போம்” என்றார்.

புதுச்சேரிப் பேருந்தில் ஏறினோம். கோட்டக்குப்பம் தாண்டும்போது சடசடவென்று பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு எங்கள் பிள்ளை கேட்டாள்.

“அங்கயும் பெஞ்சிருக்குமா, அத்தை?”

“பெஞ்சிருக்கும்” என்று சொல்ல வாய் வந்துவிட்டது. குளிர்காற்று இல்லை, வாசனை இல்லை, தம்பி போனும் இல்லை. இந்தப் பேருந்துக் கண்ணாடியில் வழிகிற தண்ணீர் மட்டும்தான் என் கையில் இருந்தது.

“பெஞ்சாலும் பெஞ்சிருக்கும்” என்றேன்.

“நூத்துக்கு எவ்வளவு?”

“நாப்பது.”

“நான் எழுபது” என்றாள். நோட்டில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொண்டாள். மறுநாள் காலையில், கைப்பேசி வைத்திருந்த அம்மாவிடம் வாங்கிவந்த எண்ணுக்கு அவளே பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“ஒரு சொட்டு இல்ல, கண்ணு. ஆயா இப்பதான் அந்தப் பாத்திய வாரிக்கிட்டு இருக்குது. உப்பு நல்லா பெருசா விழுந்திருக்குதாம்.”

“ஆமாவா, ‘ஆம்’மா?” என்று கேட்டாள் பிள்ளை.

அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, “இரு, நானே போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று குரல் வந்தது.